சூளைக்கு வரும் ஒடிசாக் குடும்பங்களை ஓ.பி. வரிசையில் ஏன் காணவில்லை?

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஆண்டுதோறும் மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். தை வாக்கில் வந்தால் ஆனி வரை இருப்பார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். ஆதார் இல்லாவிட்டாலும் பார்த்தாக வேண்டும். ஆனாலும் ஓ.பி. (புறநோயாளிகள் பிரிவு) வரிசையில் அவர்களைக் காண்பது அரிது.

காரணம் கூலி முறையில் இருக்கிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணவன், மனைவி, கூட இன்னொருவர் சேர்ந்து ஒரு செட்டு. ஒருவர் மண் குழைக்க, ஒருவர் அச்சில் அறுக்க, ஒருவர் காயப்போட வேண்டும். ஒருவர் எழுந்து போனால் மூவர் கூலியும் நிற்கும். முன்பணம் ஊரிலேயே வாங்கியாகிவிட்டது. வேலை நின்ற நாள் கடனில் ஏறும். வெயிலுக்கு முன் முடிக்க நள்ளிரவுக்குப் பிறகே அறுக்கத் தொடங்குகிறார்கள். நம் ஓ.பி. நேரத்தில் அவர்கள் ஒன்று வேலையில் இருப்பார்கள், இல்லை உறக்கத்தில்.

ஆகவே சுகாதார நிலையத்தில் இருக்கும் நாம்தான் சூளைக்குப் போக வேண்டும். எந்தெந்தச் சூளை என்று புதிதாகக் கணக்கெடுக்கத் தேவையில்லை. போலியோ சொட்டு மருந்து முகாமுக்காக இடம் இடமாக எழுதி வைக்கும் நுண்திட்டத்தில் செங்கல் சூளைகள் ஏற்கெனவே உண்டு. அந்தப் பட்டியலை எடுத்து, வாரச் செலவுக்குப் பணம் கொடுக்கும் நாளை மேஸ்திரியிடம் கேட்டு, அன்று மாலை போனால் எல்லோரும் இருப்பார்கள். மேஸ்திரியையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். முன்பணம் கொடுத்த கை அது. அவர் எதிரில் மாதவிடாய் பற்றியோ கர்ப்பம் பற்றியோ எந்தப் பெண் வாய் திறப்பாள்? அவர்கள் பேசுவது மேற்கு ஒடிசாவின் சம்பல்புரி மொழி. இந்தி தெரிந்த செவிலியர் இருந்தாலும் பெண்களிடம் பாதிதான் போய்ச் சேரும். மொழிபெயர்க்க, பல பருவம் வந்து கொஞ்சம் தமிழ் பழகிய மூத்த பெண் ஒருத்தி பெரும்பாலும் கிடைப்பார்.

பிறகு அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் நோய். மேற்கு ஒடிசாவில் இது பரவலாக உள்ள பரம்பரை நோய். நம் சமவெளி மருத்துவர்களுக்கோ அதிகம் பழக்கமில்லை. அனல், நீரிழப்பு, கடும் உழைப்பு, காய்ச்சல் எல்லாமே வலியைக் கிளப்பிவிடும். சூளையில் இவை மொத்தமும் இருக்கின்றன. "உடம்பு வலி" என்று வருபவருக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டால் நோய் பிடிபடாமலே போகும். மூன்று கேள்விகள் போதும்: சின்ன வயதிலிருந்தே எலும்பு, மூட்டு வலி வந்து போகிறதா? கண் மஞ்சளாகுமா? ரத்தம் ஏற்றியதுண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கரைதிறன் சோதனை என்ற எளிய ரத்தச் சோதனை செய்யுங்கள். நோயாளிக்கும், நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கும் கடத்திக்கும் அதில் வேறுபாடு தெரியாது. பாசிட்டிவ் என்றால், ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனைக்கு மாதிரி அனுப்ப வேண்டும். ஹீமோகுளோபின் குறைவு என்றதும் இரும்புச்சத்து ஊசிக்குத் தாவ வேண்டாம். ஊரில் இந்நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்கு இங்கே அது தீர்ந்துபோகும். பழைய சீட்டைப் பார்த்து, ரத்த அணு எண்ணிக்கை சோதித்து, தொடர ஏற்பாடு செய்யுங்கள். மார்பு வலி, மூச்சுத் திணறல், கை கால் பலவீனம், கடும் காய்ச்சல் எது வந்தாலும் தாமதிக்காமல் 108.

தடுப்பூசியில் சிக்கல், பல குழந்தைகளுக்கான மருந்து ஒன்றாக இருக்கும் குப்பியில். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி மருந்தும் கரைத்த 4 மணி நேரத்துக்குள் தீர வேண்டும். ஒரு குழந்தைக்காகக் குப்பியை உடைக்கத் தயங்கி, தடுப்பூசி நாளான "புதன்கிழமை வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் புதன் வருவதே இல்லை. இரண்டு மூன்று சூளைக் குழந்தைகளை வயது வாரியாகச் சேர்த்து ஒரே மாலையில் போட்டால் குப்பி வீணாகாது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசியின் தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 4 வார இடைவெளி விட்டு, நின்ற இடத்திலிருந்து போடுங்கள்.

கர்ப்பிணிகளுக்குப் போன அன்றே பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பதிந்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதைத்தான் கேட்பார்கள். பிரசவ வலியோடு வந்தவரிடம் விவரம் திரட்டுவது பெரும்பாடு.

காசநோய்க்கு 6 மாத சிகிச்சை. மார்ச்சில் கண்டுபிடித்தால் முடிவது ஒடிசாவில்தான். காசநோயாளிகளைப் பதியும் நிக்ஷய் இணையதளத்தில் இடமாற்றம் செய்தும் ஆள் தொலைவது ஏன் தெரியுமா? இங்கே வாங்கிய சிம் ஊருக்குப் போனதும் மாறிவிடுகிறது. ஊரில் இருக்கும் உறவினர் எண்ணையும், முடிந்தால் அந்த ஊர் ஆஷா (கிராம சுகாதாரப்) பணியாளர் எண்ணையும் முதல் நாளே வாங்கி எழுதுங்கள். கிளம்பும்போது ஒரு மாத மாத்திரையும் சிகிச்சைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். சூளையில் கணக்கு முடிக்கும் தேதியை மே மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழை விழுந்தால் அந்தத் தேதி முன்னே வந்துவிடும், அன்றிரவே ரயில் ஏறிவிடுவார்கள்.