அடுப்பை எண்ணி, ஆளை எண்ணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான் கணக்கெடுப்பாளராக வேலை பார்த்தேன். அரசுப் பள்ளி ஆசிரியர்களில் நிறையப் பேருக்கு அந்த வேலை வந்தது. எனக்குக் கிடைத்தது தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தின் சில தெருக்கள். அன்று அது திருநெல்வேலி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான். வேலை இரண்டு கட்டமாக நடந்தது. 2010-இல் வீடுகளைப் பட்டியல் போட்டோம். 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை அதே வீடுகளுக்கு மறுபடியும் போய் ஆட்களை எண்ணினோம்.

பட்டியல் போடும்போதே முதல் சிக்கல் வந்துவிடும். இந்தக் கூரைக்குக் கீழே இருப்பது ஒரு குடும்பமா, இரண்டா? ரேஷன் கார்டைப் பார்த்து எழுதக் கூடாது, கதவிலக்கத்தைப் பார்த்தும் எழுதக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம், அவ்வளவுதான். சொந்தமாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கேட்க எளிது. ஆனால் ஒரு வீட்டில் பெரியவர் திண்ணையில் இருந்துகொண்டு, "எல்லாம் ஒரே குடும்பம்தான், எழுதுங்க டீச்சர்" என்பார். உள்ளேயிருந்து மூத்த மருமகள் வந்து, "ஒண்ணாத்தான் இருக்கோம் டீச்சர், ஆனா நாங்க தனியாப் பொங்குதோம்" என்று மெதுவாகச் சொல்வார். பெரியவரின் முகம் மாறிவிடும். தெருவுக்குத் தெரியாமல் வைத்திருந்த பாகப்பிரிவினையை அரசாங்கத் தாளில் எழுதுகிற ஆளாக நான் அங்கே நிற்பேன். இரண்டு குடும்பம் என்றுதான் எழுத வேண்டும், எழுதினேன். சில வீடுகளில் மகன் தனியே சமைத்தாலும் இரவுச் சாப்பாடு மட்டும் அம்மாவிடம். அந்த மாதிரி இடத்தில் வழக்கமாக உலை எங்கே கொதிக்கிறது என்று நாலு கேள்வி கேட்டுத்தான் முடிவுக்கு வர முடியும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.85 கோடி குடும்பங்கள் என்று அந்தக் கணக்கெடுப்பு சொன்னது. மக்கள்தொகை 7,21,47,030. வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நாலு பேருக்கும் சற்றுக் குறைவு. இந்தச் சராசரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மருமகள்தான் நினைவுக்கு வருகிறார். அவர் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொடுத்த தெருக்களின் கணக்கில் ஒரு குடும்பம் குறைந்திருக்கும், இன்னொரு குடும்பத்தில் தலைகள் கூடியிருக்கும். மாநிலம் முழுக்க இப்படி எத்தனை வாசல்கள்!

2010-இல் வீட்டுப்பட்டியலுக்குப் போனபோது மக்களுக்குப் பயம் அதிகம். தரை எதனால், சுவர் எதனால், கூரை எதனால், கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து, டிவி உண்டா, சைக்கிள் உண்டா, வங்கிக் கணக்கு உண்டா என்று 35 கேள்விகள். இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கும் திட்டத்தையும் அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தார்கள். எனவே கையில் தாளோடு யார் வந்தாலும், ஏதோ கொடுக்க வந்திருக்கிறார்கள், இல்லையென்றால் பறிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு ஓலை என்று எழுதச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே பிள்ளைகளை வைத்திருக்கிறவர் வேறு எப்படிப் பேசுவார்? 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வதை யாருக்கும் காட்ட முடியாது, இதை வைத்து எதையும் தரவும் முடியாது, நிறுத்தவும் முடியாது என்று வாசலுக்கு வாசல் சொன்னேன். நம்பியவர்கள் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள்.

கழிப்பறைக் கேள்விக்கு ஆண்கள் பட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அன்று கழிப்பறை இல்லை. இந்த அளவு படித்த, இந்த அளவு பேருந்து ஓடுகிற மாநிலத்தில்! அந்த எண் வெளிவந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, வருத்தமாக இருந்தது.

பிப்ரவரியில் ஆட்களை எண்ணும்போது விதி வேறு. 9 முதல் 28 வரை ஒரு நாளாவது இந்த வீட்டில் தங்குகிறவரா என்று பார்க்க வேண்டும். அந்த நாட்கள் முழுக்க வெளியூரில் இருப்பவரை இங்கே எழுதக் கூடாது, அவர் இருக்கும் ஊரில் எண்ணிக்கொள்வார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் பெண் அம்மா வீட்டுக் கணக்கு. சவூதியிலோ துபாயிலோ இருக்கும் மகன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். இதை ஒரு தாயிடம் சொல்வது லேசான காரியம் இல்லை. "மாசாமாசம் அவன் அனுப்புற பணத்துலதான் டீச்சர் இந்த வீடே ஓடுது, அவன் பேரை எழுத மாட்டியளா?" என்று ஓர் ஆச்சி கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல், விதி அப்படி ஆச்சி என்றேன்.

இதே விதியால் வேறொன்றும் நடந்தது. வீட்டுத் தலைவர் யார் என்று கேட்டால் பெண்கள் வழக்கம்போல் வெளிநாட்டில் இருக்கும் கணவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவரை எழுத முடியாது. அப்படியானால் இப்போது வீட்டுப் பொறுப்பைப் பார்க்கிறவர் யாரோ அவர்தான் தலைவர். "அப்படின்னா உங்க பேருதான் அக்கா முதல்ல வரும்" என்றால், வெட்கப்பட்டு, "மாமாவைக் கேட்டுச் சொல்லட்டுமா" என்பார்கள். பிள்ளைகளின் படிப்பு, கூட்டுறவுச் சங்கக் கடன், வயல் குத்தகை எல்லாம் அவர்கள் தலையில்தான். தாளில் முதல் வரிசைக்குத்தான் தயக்கம். பின்னால் மாவட்டக் கணக்கு வந்தபோது திருநெல்வேலியில் ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள் இருந்தார்கள். தூத்துக்குடியிலும் அப்படித்தான். மாநிலச் சராசரி 996. பெண்களுக்கு இங்கே தனி மரியாதை என்று அதைப் பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் ஆண்கள் போய்விட்ட தெருக்களில் நடந்தவள் நான். அந்த எண்ணில் பெரும் பங்கு அந்தக் காலி இடங்களுடையது என்றே நினைக்கிறேன்.

வயதுக் கேள்வியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெரியவர்கள் எல்லோருக்கும் ஐம்பது, அறுபது, எழுபது என்று முழு எண்ணாகவே வரும். தனுஷ்கோடிப் புயல் வந்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, 92 வெள்ளத்தில் பேரன் பிறந்துவிட்டானா என்று கேட்டுக் கேட்டு நெருங்க வேண்டியதுதான்.

என்னை மிகவும் பாதித்தது வேலை பற்றிய கேள்விகள். எங்கள் பக்கம் பீடி சுற்றாத தெரு குறைவு. நான் போகும்போதெல்லாம் திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, நூலைச் சுற்றிக்கொண்டே பெண்கள் பேசுவார்கள். கை நிற்காது. பக்கத்திலேயே கணவர் நிற்பார். "இவங்க என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டால், "அவ என்ன வேல பாக்கா, சும்மா வீட்ல இருக்கா" என்பார். கொடுமை என்னவென்றால், அவளும் "ஆமா டீச்சர், சும்மாதான்" என்பாள், அடுத்த பீடியை மடித்துக்கொண்டே. சாயங்காலம் கட்டுகளைப் பீடிக்கடையில் ஒப்படைத்து வாங்கும் கூலியில்தான் அந்த வீட்டில் அன்றைக்குக் காய்கறி.

படிவத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். வீட்டில் இருந்தே செய்யும் தொழிலுக்குத் தனிப் பிரிவு உண்டு. சொந்த வயலில் கூலி வாங்காமல் களை எடுத்தாலும் அது வேலை. மாடு வைத்து வீட்டுக்கு மட்டும் பால் கறந்தாலும் விதிப்படி அது வேலைதான். ஆனால் சமைப்பது, துவைப்பது, தண்ணீர் எடுப்பது, படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்வது வேலை ஆகாது. அப்படிப்பட்டவர் வேலை செய்யாதவர் வரிசையில் 'வீட்டு வேலை' என்ற குறியீட்டோடு போவார். இந்தப் பாகுபாட்டை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் விதி கொடுத்திருக்கும் அளவுக்காவது பெண்களின் உழைப்பு தாளில் ஏற வேண்டும் அல்லவா? 'என்ன வேலை பார்க்கிறீங்க' என்று கேட்பதை அதனால் விட்டுவிட்டேன். அதற்குப் பதில், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீங்க அக்கா என்று கேட்க ஆரம்பித்தேன். அப்புறம் பாருங்கள், பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மாட்டுக்குப் புல் அறுத்தது, இரண்டு கட்டு பீடி சுற்றியது, நடவுக்குப் போனது, பூக்கட்டியது. கேட்டுக்கொண்டிருந்த கணவர்கள் சிலர் பேசாமல் உள்ளே போனார்கள். ஒருவர் மட்டும், "ஆமா, அதெல்லாம் வேலைதான்" என்றார். எனக்கு அன்று முழுக்க நிறைவாக இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படிக் கேட்க நேரம் பிடிக்கும். எல்லாரும் கேட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டுப் பெண்களில் 31.8 சதவீதத்தினர் வேலை செய்பவர்கள் என்று 2011 சொன்னது. ஆண்களில் 59.3. முதல் எண்ணை நான் ஒருபோதும் முழுசாக நம்பியதில்லை. எங்கள் திண்ணைகளைப் பார்த்தவர் யாரும் நம்ப மாட்டார்கள்.

கைக்குழந்தைகளும் இப்படித்தான் விட்டுப்போவார்கள். பெயர் வைக்காத பிள்ளையைச் சொல்ல மறந்துவிடுவார்கள். தொட்டில் கயிறு தொங்குகிறதா என்று பார்ப்பேன். மாநிலத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 943 பெண் பிள்ளைகள்தான். 996 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது என்று நமக்குத் தெரியும். 2001-இல் தர்மபுரியில் இந்த எண் 826 ஆக இருந்தது, 2011-இல் 913 ஆனது. அந்த ஏற்றத்துக்குப் பின்னால் வீடு வீடாய்ப் போன செவிலியர்களும் பணியாளர்களும் இருக்கிறார்கள். மார்ச் 1 முதல் 5 வரை திருத்தச் சுற்றுக்காக மறுபடியும் தெருவுக்குப் போனபோது ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிப்ரவரி 28 நள்ளிரவுக்கு முன்பே பிறந்தவள், எனவே கணக்கில் உண்டு. எழுதினேன். அடுத்த தெருவில் ஒரு தாத்தா இறந்துபோயிருந்தார். அவர் பெயரை அடித்தேன்.

பால் என்ற இடத்தில் ஆண், பெண் தவிர மூன்றாவது குறியீடு முதன்முறையாக இருந்தது. மாநிலத்தில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பதிவானார்கள். வீட்டார் முன்னிலையில் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று எண்ணும்போது, உண்மையில் அவர்கள் இன்னும் அதிகம் என்றே தோன்றுகிறது.

2021-இல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்திருக்கிறார்கள். இந்த முறை எல்லோரிடமும் சாதி கேட்கப்படும். தாள் இல்லை, செல்போன் செயலி. விரும்பினால் வீட்டாரே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். 16 ஆண்டு இடைவெளியில் எங்கள் பக்கம் எத்தனையோ மாறியிருக்கிறது. தனியாய் உலை வைக்கும் ஆச்சிகள் கூடியிருக்கிறார்கள், ஒற்றைப் பிள்ளை வீடுகள் கூடியிருக்கின்றன, வடமாநிலத்துத் தம்பிகள் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள். விதிப்படி அவர்களும் ஒரு குடும்பம்தான்.

எனக்கு ஒரே கவலை, வீட்டாரே பதிந்துகொள்ளும் அந்த வசதி பற்றித்தான். படித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது நல்லதே, நேரம் மிச்சம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் போன் யார் கையில் இருக்கும்? மனைவியின் வேலை என்ன என்ற கேள்விக்கு அவர்தான் விரலை வைப்பார். திண்ணையில் உட்கார்ந்து, காலையிலிருந்து என்ன செய்தீங்க அக்கா என்று கேட்க அங்கே ஆள் இருக்காது. எங்கள் பள்ளியில் இந்த வேலைக்குப் போகப்போகும் இளம் ஆசிரியர்களிடம் நான் சொல்வது இதுதான்: வீட்டார் ஏற்கெனவே பதிந்துவிட்டார்கள் என்று தெரிந்தாலும் அந்த வாசலில் நில்லுங்கள், அந்த அக்காவைக் கூப்பிட்டு அவர் வாயாலேயே ஒருமுறை கேளுங்கள்.