பழைய லேப்டாப்பில் 27 அங்குல மானிட்டர்: போட்டோ எடிட்டிங் செய்பவர்களுக்கு

லேப்டாப்பை மாற்றாமல், போட்டோ வேலைக்கென்று நல்ல மானிட்டர் ஒன்றை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்வது நல்ல யோசனைதான். 1366×768 டிஎன் பேனலில் (பழைய லேப்டாப்புகளின் மலிவான திரை வகை) தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே தோல் நிறம் மாறிவிடும். அதை நம்பி ஆல்பத்துக்கு அனுப்புவதற்கு பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையில் எந்த சுமாரான மானிட்டரும் மேல். ஆனால் கடைக்குப் போகும் முன் லேப்டாப்பைத் திருப்பி, பக்கவாட்டில் என்ன போர்ட் இருக்கிறது என்று பாருங்கள். எந்த மானிட்டர் வாங்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

கணக்கு இதுதான். 1920×1200-ஐ 60 ஹெர்ட்ஸில் அனுப்ப 154 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) போதும். 2560×1440-க்கு, அதாவது 1440பி-க்கு, 241.5 வேண்டும். 4கே, அதாவது 3840×2160, 30 ஹெர்ட்ஸில் 297 கேட்கும்; 60 ஹெர்ட்ஸில் எச்டிஎம்ஐ வழியாக 594. பழைய லேப்டாப்புகளில் இருக்கும் எச்டிஎம்ஐ 1.4-இன் உச்சவரம்பு 340. ஆகவே அந்த ஓட்டை வழியாக 4கே 60 வரவே வராது. எவ்வளவு விலையுயர்ந்த கேபிள் போட்டாலும் அது மாறாது. 30 ஹெர்ட்ஸில் வரும். படம் பார்க்கலாம், ஆனால் மவுஸ் ஒட்டிக்கொண்டு நகரும், பிரஷ் வைத்து ரீடச் செய்யும்போது கோடு கைக்குப் பின்னால் வரும். அதோடு தினமும் வேலை செய்ய முடியாது.

சிப்பும் தன் பங்குக்கு ஒரு வரம்பு வைக்கும். இன்டெல் மூன்றாம் தலைமுறையின் எச்டி 4000 கிராபிக்ஸ் எச்டிஎம்ஐ வழியாக 225 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. அதனால் 1440பி மானிட்டரை மாட்டினால் 1920×1080 மட்டுமே காட்டும். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: கஸ்டம் ரெசல்யூஷன் அமைப்பில் 2560×1440-ஐ 55 ஹெர்ட்ஸாக, ரெட்யூஸ்டு பிளாங்கிங் முறையில் (வரிகளுக்கு இடையிலான காலி நேரத்தைக் குறைப்பது) சேர்த்தால் தேவை சுமார் 221-க்கு இறங்கி, வரம்புக்குள் வந்துவிடும். பல மானிட்டர்கள் இதை ஏற்கும், சில ஏற்காது. அதே லேப்டாப்பில் மினி டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் இந்த வித்தையெல்லாம் தேவையே இல்லை, 2560×1600 வரை நேராகப் போகும். திங்க்பேட் டி430, எக்ஸ்230 போன்றவற்றில் அது இருக்கிறது. நான்காம் தலைமுறை யு வகை (மின்சாரம் குறைவாக எடுக்கும்) சிப்புகள் டிஸ்ப்ளேபோர்ட்டில் 3200×2000 வரை. ஐந்தாம் தலைமுறை யு வகையில்தான் 4கே 60 வந்தது.

கேபிளில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு நேரடி கேபிள், 2 மீட்டருக்குள், போதும். இடையில் எச்டிஎம்ஐ அடாப்டரை நுழைத்தால் சிக்கல் ஆரம்பம். சிக்னலைத் தானே மாற்றாத மலிவான பாசிவ் அடாப்டர்களில் பெரும்பாலானவை 165 மெகாஹெர்ட்ஸ் வகை. நல்ல போர்ட் இருந்தும் 1920×1200-இல் நின்றுபோவதற்கு அதுதான் காரணம். எச்டிஎம்ஐ வழியாகத்தான் போக வேண்டும் என்றால் உள்ளே சிப் வைத்து சிக்னலை மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள். எதிர்த்திசையும் கவனிக்க வேண்டியது: லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் சாதாரண கேபிள் வேலையே செய்யாது. யுஎஸ்பி வழியாகக் கரண்ட் எடுக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். இன்னொன்று, கேபிள் மாட்டியிருக்கும்போது லேப்டாப் பூட் ஆக மறுத்தால் மதர்போர்டைச் சந்தேகிக்காதீர்கள். தரமில்லாத டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் 20-ஆம் பின்னையும் இரு முனைக்கும் இணைத்துவிடுவார்கள். மானிட்டரின் 3.3 வோல்ட் அதன் வழியாக லேப்டாப்புக்குள் வந்து குழப்பும். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

மானிட்டர் பக்கமும் தடை இருக்கலாம். பழைய 1440பி மானிட்டர்கள் சிலவற்றின் எச்டிஎம்ஐ நுழைவு 1920×1080 மட்டுமே ஏற்கும். முழு ரெசல்யூஷன் டிஸ்ப்ளேபோர்ட்டிலும் டூயல் லிங்க் டிவிஐயிலும்தான். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் மேனுவலில் போர்ட் வாரியாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 4கே மானிட்டரில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவில்லை என்றால் அதன் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

யுஎஸ்பி 3-இல் மாட்டும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் ஒன்று உண்டு. எக்ஸெல் ஷீட்டுக்கு ஓகே. போட்டோவுக்கு வேண்டாம்: படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, அதற்குப் பிராசஸரையே பிழிகிறது.

என்னைக் கேட்டால், இந்த வயது லேப்டாப்புக்கு 27 அங்குல 1440பி-தான் சரியான ஜோடி. அங்குலத்துக்கு 109 பிக்சல். விண்டோஸ் ஸ்கேலிங்கை (எழுத்து, ஐகான்களைப் பெரிதாக்கும் அளவு) 100 சதவீதத்திலேயே விடலாம், லேப்டாப் திரையும் 100-இலேயே இருக்கும். 27 அங்குல 4கே என்றால் 163 பிக்சல், 150 சதவீத ஸ்கேலிங் தேவை. இரண்டு திரைக்கு இரண்டு ஸ்கேலிங் வந்ததும் பழைய மென்பொருள்கள் மங்கலாகத் தெரியும். 24 மெகாபிக்சல் படத்தை முழுதாகத் திரையில் வைத்தால் 1440பி-யில் 2160×1440 பிக்சல்தான் வரைய வேண்டும். 4கே-யில் 3240×2160, அதாவது 2.25 மடங்கு. லைட்ரூமில் ஸ்லைடரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பிராசஸர் அதைத் திரும்ப வரைகிறது.

ரேமையும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் திரைக்கான நினைவகத்தையும் ரேமிலிருந்துதான் எடுக்கும். ஒரு 4கே திரைக்கு 33 எம்பி. நொடிக்கு 60 முறை படித்தால் சுமார் 2 ஜிபி, அதுவும் நீங்கள் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே. டிடிஆர்3-1600 ஒற்றை ஸ்டிக்கின் வேகம் நொடிக்கு 12.8 ஜிபிதான். காலியாக இருக்கும் ஸ்லாட்டில் இன்னொரு ஸ்டிக் போட்டால் அது இரட்டிப்பாகும். நான்காம், ஐந்தாம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல்-தான் வேண்டும். 1.5 வோல்ட் ஸ்டிக்கை மாட்டினால் ஆன் ஆகாமல் நிற்கலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். திரையில் படம் வந்துவிட்டது, ரெசல்யூஷனும் சரி; ஆனால் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது. உடனே கேலிபரேட்டரை, அதாவது திரையின் நிறத்தை அளக்கும் கருவியை, எடுக்காதீர்கள். எச்டிஎம்ஐ-யில் மாட்டிய மானிட்டரை டிரைவர் டிவி என்று நினைத்துக்கொண்டு, கருப்பு முதல் வெள்ளை வரை 0–255 என்பதற்குப் பதில் 16–235 அளவில் அனுப்பியிருக்கும். இன்டெல் கிராபிக்ஸ் பேனலில் குவாண்டைசேஷன் ரேஞ்ச் என்ற இடத்தில் ஃபுல் என்று மாற்றுங்கள். தலைகீழாகவும் நடக்கும்: லேப்டாப் முழு அளவில் அனுப்ப, மானிட்டர் குறைந்த அளவை எதிர்பார்த்தால் நிழல்கள் அடைத்துப்போகும், வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் காணாமல் போகும். அதை மானிட்டரின் மெனுவில் மாற்ற வேண்டும். சோதிக்க, போட்டோஷாப்பில் 0 கருப்புப் பின்னணியில் 5, 8, 12, 16 அளவுள்ள சதுரங்களை வரையுங்கள். வெள்ளையில் 245, 250, 253. இருட்டு அறையில் 8-ஆவது மங்கலாகத் தெரிய வேண்டும். 16 வரை எதுவும் தெரியவில்லையென்றால் ரேஞ்ச் தவறு. இதைச் சரிசெய்யாமல் கேலிபரேட் செய்தால், கருவி தவறான சிக்னலை அளந்து அதற்கொரு புரொஃபைல் (திரையின் நிறத்தை விவரிக்கும் ஃபைல்) எழுதிக் கொடுக்கும்.

அடுத்தது நிறத்தின் கூர்மை. விண்டோஸ் 10-இல் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் கலர் ஃபார்மட் ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். ஒய்சிபிசிஆர் 4:2:2 அல்லது 4:2:0 என்றிருந்தால் நிறத் தகவல் பாதி அல்லது கால் பங்குதான் வருகிறது என்று பொருள். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓரம் கலங்கித் தெரியும். பட்டுப்புடவையில் நெருக்கமான சிவப்பு-பச்சைக் கட்டங்கள் ஒன்றோடொன்று வழியும். படத்தில் குறை என்று நினைத்து ஷார்ப்னிங்கை ஏற்றினால் அச்சில்தான் அது தெரியவரும்.

இப்போது கேலிபரேட் செய்யலாம். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இலக்கு: டி65 (பகல் வெளிச்சத்தை ஒத்த) வெள்ளை, காமா 2.2, சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வெளிச்சம். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வெளிச்சத்தில் இருக்கும். அச்சு இருட்டாக வருகிறது என்று லேபைத் திட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெள்ளைப் புள்ளியை முதலில் மானிட்டரின் சிவப்பு, பச்சை, நீல கெயின் பட்டன்களாலேயே முடிந்தவரை சரிசெய்யுங்கள். பழைய கிராபிக்ஸில் 8 பிட்தான் போகிறது. எல்லாத் திருத்தத்தையும் மென்பொருளின் திருத்த வளைவில் போட்டால் வானத்தில் படிப்படியாகக் கோடுகள் விழும். கருவி இல்லாதவர்கள் மானிட்டரின் எஸ்ஆர்ஜிபி மோடைத் தேர்ந்தெடுத்து, அறை விளக்கில் ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, இரண்டும் ஒரே அளவில் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது. டிஸ்ப்ளே மோடை எக்ஸ்டெண்டில் வையுங்கள். டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் ஒரே சிக்னல் போவதால் ஒரு திரைக்கான திருத்தம் இன்னொன்றையும் கெடுக்கும்.

லைட்ரூம் கிளாசிக் மெதுவாக இருந்தால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஒரிஜினலுக்குப் பதில் ஸ்மார்ட் பிரிவ்யூவை (படத்தின் சிறிய நகல்) பயன்படுத்தும் பெட்டியை டிக் செய்யுங்கள். ஸ்மார்ட் பிரிவ்யூவின் நீளப் பக்கம் 2560 பிக்சல், 1440பி திரைக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். நாய்ஸும் ஷார்ப்னிங்கும் பார்க்கும்போது மட்டும் அதை எடுத்துவிடுங்கள். எஃப்11 அழுத்தி லேப்டாப் திரையில் இரண்டாவது ஜன்னலைத் திறந்தால் வேலைப்பளு கூடும், தவிர்க்கலாம்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு நிறம் லேசாக மாறியது போல் இருந்தால், டிரைவர் கேலிபரேஷன் வளைவை உதறிவிட்டது. டிஸ்ப்ளேகேல் என்ற கேலிபரேஷன் மென்பொருளை நிறுவியிருந்தால் அதன் புரொஃபைல் லோடர் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப ஏற்றிவிடும். இல்லையென்றால் விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட்டில், அட்வான்ஸ்டு தாவலில், சிஸ்டம் டிஃபால்ட்டை மாற்றும் பொத்தானுக்குள் போய் விண்டோஸ் டிஸ்ப்ளே கேலிபரேஷனைப் பயன்படுத்தும் பெட்டியை டிக் செய்யுங்கள். அட்மின் அனுமதி கேட்கும். புரொஃபைலை மாற்றிய பிறகு போட்டோஷாப்பை ஒருமுறை மூடித் திறக்கவும். திறந்திருக்கும்போது பழைய புரொஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும்.