சேலைக்குப் பொருந்தும், போர்வைக்குப் பொருந்தாது

மாமியார் காலமாகி ஒரு வருடம் கழித்துத்தான் அவருடைய பீரோவைத் திறந்தோம். நாத்தனார் தனக்குப் பிடித்த இரண்டை எடுத்துக்கொண்டது போக ஒன்பது பருத்திச் சேலைகள் மிச்சம். நான்கு கண்டாங்கி, மூன்று சுங்குடி, மயில் கழுத்துக் கலரில் ஒரு கைத்தறி, எந்த ஊர் என்றே சொல்ல முடியாத சந்தனக் கலர் ஒன்று. நான் கட்டலாம்தான். ஆனால் பாதிக்கு மேல் கொசுவத்தில் நைந்துவிட்டன. பெங்களூரில் இருக்கும் மகள் போனில், "எனக்குப் போர்வையாத் தைச்சுக் குடும்மா, ஆனா திருவிழாப் பந்தல் மாதிரி இருக்கக் கூடாது" என்றாள்.

கணக்கு எளிது. 6½ இன்ச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குப் போனால் 6 இன்ச் நிற்கும். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பன்னிரண்டு, ஆக 120 துண்டு. ஐந்தடிக்கு ஆறடி. உள்ளே பஞ்செல்லாம் வேண்டாமென்று பழைய நாலு முழ வேட்டி இரண்டைச் சேர்த்து மூட்டிக்கொண்டேன். தைப்பதில் எனக்குப் பயம் கிடையாது. ரவிக்கை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் இருபது வருடமாக நானேதான். கலர் பொருத்துவதிலும் பயமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மதுரைக்காரிக்குச் சேலைக் கலர் யார் சொல்லித்தர வேண்டும்? அரக்குக்குப் பச்சை, வாடாமல்லிக்குக் கிளிப்பச்சை, கடுகு மஞ்சளுக்குக் கறுப்பு. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் நாற்பது துண்டுகளைக் கூடத்தில் பரப்பினேன். அரக்கு ஒன்று, பச்சை ஒன்று, சதுரங்கக் கட்டம் போல. கிட்ட நின்றால் இரண்டும் முட்டிக்கொண்டு கண் கூசியது. வாசல்படிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் கட்டமே தெரியவில்லை. மொத்தமாக ஏதோ ஒரு கனமான இருட்டு தரையில் கிடந்தது. மகளுக்குப் படம் அனுப்பினேன். "பந்தல்கூடப் பரவாயில்லம்மா" என்று பதில் வந்தது.

எனக்குக் கோபம். அதே அரக்கும் பச்சையும் என் கல்யாணச் சேலையில் எப்படி இருக்கிறது! எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, டேப் வைத்து அளந்தேன். உடல் 40 இன்ச். கரை மேலே 3, கீழே 3. ஏழில் ஒரு பங்குகூடப் பச்சை இல்லை. கட்டிக்கொண்டால் மேல்கரையிலும் பாதி இடுப்பு மடிப்புக்குள் போய்விடும். அரக்குக்குப் பச்சை என்று நாம் சொல்வது, நிறைய அரக்குக்குக் கொஞ்சம் பச்சை. அந்த அளவைக் கண் தானாகவே எடுத்துக்கொள்வதால் வாயில் சொல்வதே இல்லை. நான் பாதிக்குப் பாதி போட்டுவிட்டுச் சேலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்ளான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வலுவில்லாமல் காட்டியிருக்கின்றன. ஒரு நிறம் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றிக் காட்டும் என்பதை 1839-இல் பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார். எதிரெதிர் நிறங்கள் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும்; சிவப்பும் பச்சையும் அந்த ஜோடி. கரையில் அது அழகு. 40 கட்டத்திலும் அதுவே நடந்தால் தலைவலி.

வாசல்படியிலிருந்து கட்டம் தெரியாமல் போனது வேறு விஷயம். போனில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அரக்கும் பச்சையும் ஒரே சாம்பல். துளி வித்தியாசம் இல்லை. நிறம் வேறாக இருந்தாலும் அடர்த்தி ஒன்றாக இருந்தால், தூரத்திலிருந்து கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றிலிருந்து கலர் பெயரை மறந்துவிட்டு எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, இருட்டு, நடு, வெளிச்சம் என்று மூன்று குவியலாகப் பிரித்தேன்.

அப்போது கண்ணில் பட்டதுதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி. ஒரே அரக்குக் கண்டாங்கி மூன்று குவியலிலும் இருந்தது. உள்ளே செருகும் முனை வெயிலே படாமல் புதுசு போல அடர் அரக்கு. கொசுவம் வரும் இடம் ஒரு படி கம்மி, அதிலும் மடிப்பு விளிம்புகளில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். தோளில் கிடந்த முந்தானை வெளுத்து வெங்காயத்தோல் கலருக்கு வந்துவிட்டது. ஒரு சேலைக்குள்ளேயே கடைக்காரர் கேட்டாலும் தரமுடியாத மூன்று அரக்கு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த பழைய துணிகளில் தைத்த போர்வைகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். 2006-இல் அவற்றைத் தபால் தலையாகவே வெளியிட்டார்கள். பை பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர் நீலமாக நிற்கும் ஜீன்ஸ் துணிகள் அதில் உண்டு. வெளுத்ததை ஒளிக்காமல் அதையே டிசைனாக்கியிருப்பார்கள். எனக்கும் அதுதான் வழி என்று பட்டது.

சுங்குடியிலும் ஒரு பாடம் கிடைத்தது. மூன்றில் ஒன்றுதான் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய கட்டுச் சுங்குடி. மற்ற இரண்டும் அச்சு. விரலால் தடவினால் முடிச்சுப் புள்ளிகள் லேசாகப் புடைத்திருக்கும், ஒன்று போல் ஒன்று இருக்காது. புள்ளி நெருக்கமாக இருந்தால் பத்தடி தள்ளிப் பார்க்கும்போது அடர் நிறமும் ஒரு படி வெளுத்துத் தெரிகிறது. ஆக அதை இருட்டுக் குவியலிலிருந்து நடுக் குவியலுக்கு மாற்றினேன்.

கடைசியில் முடிவானது: சந்தனம் 66, கடுகு மஞ்சள் 24, அரக்கு 18, மயில் கழுத்து 12. சந்தனம்தான் உடல், மயில் கழுத்துதான் கரை என்று மனதில் வைத்துக்கொண்டேன். பச்சைக்கு இடமே இல்லை.

மயில் கழுத்து ஒரு நாளை முழுசாகத் தின்றது. பன்னிரண்டு துண்டை வைத்துவிட்டு எழுந்து பார்த்தால் ஐந்து நீலம், ஏழு பச்சை. கட்டில் கீழே வேறு துணி ஏதாவது கலந்துவிட்டதா என்று குனிந்து தேடினேன். பிறகுதான் புத்தி வந்தது. அந்தத் துணியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், நீலம்; ஊடை, குறுக்கு நூல், பச்சை. துண்டைக் கால் வட்டம் திருப்பினால் வெளிச்சம் வேறு நூலில் பட்டு வேறு கலர் காட்டும். சதுரமாக வெட்டியதால் எது எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போயிற்று. ஒவ்வொன்றையும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்புறம் சாக்பீஸால் அம்புக்குறி போட்டேன். போட்டு முடித்ததும் ஓர் ஆசை வந்து, வேண்டுமென்றே ஒன்று விட்டு ஒன்று திருப்பி வைத்துவிட்டேன்!

சந்தனச் சேலையில் நல்ல துண்டு ஐம்பதுதான் தேறியது. மீதிப் பதினாறுக்கு ஒரு மீட்டர் வாங்கக் கடைக்குப் போனேன். குழல் விளக்கு வெளிச்சத்தில் என் சாம்பிள் துண்டும் கடைத் துணியும் அச்சு அசலாக இருந்தன. வீட்டில் பகல் வெளிச்சத்தில் கடைத் துணி ரோஸ் அடித்தது. அந்தக் காலத்துச் சேலைக் கடைக்காரர்கள் "வெளியில வச்சுப் பாருங்கம்மா" என்று வாசலுக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். நான்தான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. திருப்பிக் கொடுக்கப் போகவில்லை; ஓரங்களில் ஒவ்வொன்றாகச் சிதறி வைத்துவிட்டேன். சுவருக்குப் பெயின்ட் எடுக்கும்போதும் இதே கதைதான். விரல் அளவு அட்டையில் பார்த்த வெளிர் மஞ்சள் நாலு சுவரிலும் ஏறியதும் ஆம்லெட் ஆகிவிடும். அதனால் இப்போதெல்லாம் ஒரு சார்ட் பேப்பரில் அடித்து, காலையும் ராத்திரியும் பார்த்துவிட்டுத்தான் டப்பா வாங்குகிறேன்.

அரக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கல் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். எனக்கு நிற்கவில்லை. ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டாத துண்டுகளை மட்டும் சந்தனத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒட்டியவை கால்மிதிக்கு.

120 துண்டும் மூட்டி, வேட்டியும் வைத்து, ஓட்டுத் தையலும் முடிந்தது. விளிம்பு மட்டும் பாக்கி. நேற்று ராத்திரி பாக்குக் கலர் பட்டி ஒன்றும், ஒதுக்கி வைத்த பச்சையில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றாகக் குத்தி வைத்தேன். மகள் வீடியோவில் பார்த்துப் பாக்கு என்றாள். என் கண் பச்சையிலேயே நிற்கிறது. முக்கால் இன்ச் அகலம்தானே. காலையில் திண்ணையில் விரித்துப் பார்க்க வேண்டும்.