எந்த பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு

சிங்கப்பூரில் ஒரு காருக்கு ஆயுள் எழுதுவது சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க அரசு தரும் உரிமச் சான்றிதழ். பத்தாண்டு முடிந்ததும் பணம் கட்டி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்கலாம். ஐந்தாண்டு எடுத்தவருக்கு மறுபடி நீட்டிக்க வழி கிடையாது, தவணை முடிந்ததும் பதிவை நீக்கியே ஆக வேண்டும். அதனால் காக்கி புக்கிட்டில் நான் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில், எஞ்சினைப் பிரிக்கும் முன்பு கேட்கும் முதல் கேள்வியே "சிஓஇ இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?" என்பதுதான். நிறைய வருஷம் இருந்தால் எஞ்சின் பிளாக்கை ரீபோர் செய்து, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையை (இதைத்தான் போர் என்போம்) சற்றுப் பெரிதாகக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடச் சொல்வோம். மூன்று நான்கு ஆண்டுதான் மிச்சம், வண்டி எண்ணெய் குடிக்கிறது, ஆனால் போர் அதிகம் கெடவில்லை என்றால், பழைய பிஸ்டன்களையே பொருத்தி, அவற்றைச் சுற்றிச் சுவரோடு ஒட்டி ஓடும் ரிங்குகளை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுப்பது நேர்மையான வேலை என்றே நினைக்கிறேன். உண்மையாகவே அளந்து பொருத்தியிருந்தால் மட்டும்.

பிஸ்டன் பார்க்க வட்டமாகத் தெரியும். ஆனால் அது லேசான நீள்வட்டம். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு (பிஸ்டனின் அசைவைக் கீழே எஞ்சின் தண்டுக்குக் கடத்தும் கம்பி) கோக்கும் பின் (pin) போகும் திசையில் குறுகலாகவும் அதற்குக் குறுக்கே அகலமாகவும் கடைந்திருப்பார்கள். தலைப்பக்கம் சூடு அதிகம் வாங்குவதால் மேலே சிறுத்தும், கீழே ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) பக்கம் பெருத்தும் இருக்கும். ஓடிச் சூடேறி விரியும்போது எல்லாப் பக்கமும் சீராக வந்து உட்காருவதற்கான ஏற்பாடு இது. ஆகவே மைக்ரோமீட்டரை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு எண் காட்டும். நமக்கு வேண்டிய எண் பின்னுக்குச் செங்குத்தாக, ஸ்கர்ட்டின் அடியிலிருந்து கையேடு சொல்லும் உயரத்தில் மட்டும்தான் இருக்கிறது.

போர் பக்கம் இன்னும் நிதானம் வேண்டும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில், துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜைப் பிடித்துப் பார்ப்போம். தேய்மானம் பெரும்பாலும் மேலேதான் அதிகம். முதல் ரிங் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்துவிடுகிறது. எரியும் வாயுவின் அழுத்தமும் அங்கேதான் ரிங்கைச் சுவரோடு சேர்த்து நெருக்குகிறது. அந்த இடத்துக்குச் சற்று மேலே விரல் நகத்தை ஓட்டினாலே சின்ன விளிம்பு தட்டுப்படும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசமோ, வட்டம் கெட்ட அளவோ எல்லை தாண்டியிருந்தால் எந்த பிஸ்டனை எங்கே மாற்றினாலும் பயனில்லை, ரீபோர்தான்.

இந்த ஊரில் அளவைக் கெடுப்பது வெயில். உலகம் முழுக்க அளவுகளுக்கு வைத்திருக்கும் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. எங்கள் ஒர்க்‌ஷாப்பிலோ பகலில் 32 டிகிரி சாதாரணம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 80 மில்லிமீட்டர் பிஸ்டன் 12 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 22 மைக்ரான் பெருக்கும், அதே அளவு போர் 11 மைக்ரான்தான் பெருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே நாம் தேடும் இடைவெளியோ மொத்தமே 30, 40, 50 மைக்ரான். இதைவிட மோசம், பிஸ்டனை ஏசி அறையில் வைத்து அளந்துவிட்டு வெளியே நிற்கும் பிளாக்கை வெக்கையில் அளப்பது. ஒன்பது டிகிரி வித்தியாசம் இருந்தாலே பிஸ்டன் 16 மைக்ரானுக்கு மேல் சிறிதாகக் காட்டும். நல்ல பிஸ்டனைத் தூக்கிப் போட அது போதும்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் இதில் மிகக் கண்டிப்பு. பிளாக்கைத் தள்ளுவண்டியில் வைத்து ஏசி அறைக்குள் கொண்டுபோய், பிஸ்டன்கள், மைக்ரோமீட்டர், போர் கேஜ் எல்லாவற்றையும் அதன் பக்கத்திலேயே இரவு முழுக்க வைத்துவிடுவார். காலையில்தான் அளவு. அறை 24 டிகிரி என்றால் மிச்சப் பிழை மூன்று நான்கு மைக்ரானுக்குள் அடங்கிவிடும். புதிதாக வந்தவர்கள் பிஸ்டனைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினால், "தம்பி, உன் கைச்சூடு அதுக்கு ஏறுது, கீழ வை" என்பார். நான் அளந்து எழுதிய தாளைப் பார்க்காமலே தானும் ஒருமுறை அளப்பார். இரண்டு பேர் எண்ணும் ஒத்துவந்த பிறகுதான் பேச்சே.

அண்மையில் வந்த ஒரு பழைய ஜப்பானிய கார் எஞ்சினைச் சொன்னால் விஷயம் புரியும். லேசாக ஹோனிங் செய்த (கல்லால் போர்ச் சுவரைத் தேய்த்துச் சீராக்கிய) பிறகு நான்கு போர்களும் மில்லிமீட்டரில் 80.024, 80.018, 80.031, 80.022. அதே வரிசையில் பிஸ்டன்கள் 79.974, 79.981, 79.969, 79.970. இருந்த இடத்திலேயே போட்டால் இடைவெளி முதலாவதில் 50 மைக்ரான், நான்காவதில் 52. இரண்டாவதில் 37, மூன்றாவதில் 62. மூன்றாவது சிலிண்டரில் போரும் தேய்ந்து ஸ்கர்ட்டும் தேய்ந்திருந்தது, கையேட்டின் எல்லையையும் தாண்டிவிட்டது. அதை மட்டும் பார்த்தவர் பிஸ்டன் செட்டையே கழித்திருப்பார். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிக் கணக்குப் போட்டால் 49, 50. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று மூன்று மைக்ரானுக்குள் வந்துவிட்டன. புதிதாக எதுவும் வாங்கவில்லை.

ஹோனிங் செய்ததால்தான் இந்தச் சுதந்திரம். போரைத் தொடவே இல்லை என்றால் பிஸ்டனை அதனதன் சிலிண்டரிலேயே போடுவதுதான் சரி. அப்புறம், இடம் மாறுவது பிஸ்டனும் அதன் பின்னும் மட்டுமே. கனெக்டிங் ராடும் அதன் அடியில் போல்ட் போட்டு இறுக்கும் கேப்பும் தங்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது. பின், இருபுறமும் சர்கிளிப் (நழுவாமல் பிடிக்கும் வளையம்) போட்ட வகையாக இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. ராடில் இறுக்கி அடித்திருக்கும் பின் வகை என்றால் அதைக் கழற்றும்போதே பழைய பிஸ்டன் கெட்டுப்போகும் அபாயம் உண்டு, அங்கே நான் மாற்றச் சொல்ல மாட்டேன். எடையும் பார்த்தோம், வித்தியாசம் ஓரிரு கிராம்தான்.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளம். பழைய பிஸ்டன்கள் பல தோற்பது அங்கேதான், ஸ்கர்ட்டில் இல்லை. கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது ரிங்கை முதல் பள்ளத்தில் வைத்து, இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். பள்ளம் அகன்றிருந்தால் ஸ்கர்ட் எவ்வளவு அழகாக அளந்தாலும் அந்த பிஸ்டன் வேண்டாம். ஸ்கர்ட்டில் நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தாலும் வேண்டாம். இதைச் சிலர் நேரம் போகிறது என்று தவிர்க்கிறார்கள். பிறகு புது ரிங் போட்ட எஞ்சினும் எண்ணெய் குடிக்கும்போது குற்றத்தை ரிங் மேல் போடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். வண்டிக்காரர் இரண்டு முறை பணம் கட்டுகிறார்.

அளவுகள் எழுதிய தாள் அந்த காரின் ஃபைலிலேயே இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியதைப் பிஸ்டன் தலையில் குத்தி அடையாளம் வைக்கவில்லை, மார்க்கர் எழுத்தோ எரிந்து போய்விடும். அதனால் தாளில் பெரிதாக எழுதி, எஞ்சின் எண்ணும் தேதியும் போட்டு, உரிமையாளருக்கும் ஒரு நகல் கொடுத்தோம். நாளை வேறு கடையில் பிரித்தாலும் அந்த மெக்கானிக் எங்கள் எண்களிலிருந்தே தொடங்கலாம்.