அப்பப்பான்ர பெர்மிட்டைத் தேடப்போய் பரம்பரை தேடின கதை

காணி அலுவலிலதான் இது தொடங்கினது, பரம்பரை தேடுற ஆசையெல்லாம் எனக்கு முந்தி இருந்ததில்லை. அப்பா காலமானாப் பிறகு எங்கட வயல்காணியையும் மேட்டுக்காணியையும் ஆற்ற பேருக்கு மாத்திறது எண்ட கதை வந்திச்சு, அதுக்கு பெர்மிட் (அரசாங்கம் காணிக்குக் குடுத்த அனுமதிப்பத்திரம்) வேணும், பெர்மிட் 2009இல இடம்பெயர்ந்து போகேக்க மிச்சச் சாமான்களோட எங்கயோ வழியில விட்டாச்சு. கொப்பி எடுக்கலாம் எண்டு போனா அப்பப்பான்ர முழுப்பேர், காணி கிடைச்ச வருசம், லொட் நம்பர், பிளான் நம்பர் எல்லாம் கேக்கினம். வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டும் சரியாத் தெரியாது. எல்லாருக்கும் தெரிஞ்சது ஒரே வசனம்தான், "அப்பப்பாதான் முதல்முதல் வந்து காடு வெட்டினவர்." கிளிநொச்சியில இரணைமடுக் குளத்துக்குக் கீழ ஒரு வாய்க்கால் கரை எண்டு மட்டும் சொல்லுறன், ஊர்ப்பேர் போட்டா ஆள் ஆரெண்டு உடன பிடிச்சிடுவியள்.

தெரியாத ஆக்களுக்காக கொஞ்சம் பின்னுக்குப் போறன். இரணைமடுக் குளக்கட்டு வேலை 1902இல தொடங்கி 1920 அளவிலதான் முடிஞ்சது, கனகராயன் ஆத்துத் தண்ணிதான் அதுக்கு வாறது. தண்ணி இருந்திச்சு, கமம் செய்ய ஆக்கள் காணாது. யாழ்ப்பாணத்தில அதுக்கு எதிர்மாறு, ஆக்கள் கூட, காணி இல்லை, வேலை இல்லை. 1935இல காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்து, 1936இல கிளிநொச்சிக் குடியேற்றம் (நாங்கள் கொலனி எண்டுறது) தொடங்குது. எங்கட சனம் சொல்லுற பெர்மிட் காணி எண்டது அந்தச் சட்டத்தில குடுத்ததுதான். உறுதிக்காணி மாதிரி நினைச்ச நேரம் விக்கேலாது, துண்டு துண்டாப் பிரிக்கேலாது, ஒரு ஆளைப் பின்னுரித்தாளரா எழுதி வைக்கவேணும். பிறகு வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடுவில படிச்ச வாலிபர் திட்டம் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்தது, எழுபதுகளில மிளகாயும் வெங்காயமும் போட்டு வீடு கட்டின ஆக்களின்ர கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

முன்னோடி, முதல்குடி எண்டு நாங்கள் சொல்லிக்கொண்டாலும் முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் பழைய ஆக்களுக்கு முன்னால அதைச் சொல்லிப் பாருங்கோ, சிரிப்பினம். எத்தினையோ தலைமுறையா குளம் கட்டி மாடு வளத்து இருந்த சனம். எங்கட கதை எழுபது வருசக் கதை, அவ்வளவுதான்.

முதல் போன ஒபிஸ் ஒண்டில (எது எண்டு வேண்டாம்) நான் வாய் திறக்க முதலே "தம்பி அதெல்லாம் சண்டையோட அழிஞ்சிட்டுது" எண்டினம். அலுமாரியைத் திறக்கவே இல்லை. சண்டையில அழிஞ்சது உண்மைதான், ஆனா எல்லாம் அழியேல்லை, அதை எனக்குச் சொன்னது றிரையர் பண்ணின ஒரு குடியேற்ற உத்தியோகத்தர் ஐயா. அவர் சொன்ன விசயம் முக்கியம், எல்லாரும் குறிச்சு வச்சிருங்கோ. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இலதான், அதுக்கு முந்தி யாழ்ப்பாண மாவட்டத்தோட இருந்தது, முல்லைத்தீவு 1978இல வந்தது. அப்ப ஐம்பதாம் ஆண்டுக் காயிதத்தை கிளிநொச்சியில மட்டும் தேடிப் பிரயோசனம் இல்லை, பழைய பைல் யாழ்ப்பாணப் பக்கம் மிஞ்சியிருக்கலாம். இன்னொண்டு, "பெர்மிட் கொப்பி தாங்கோ" எண்டு கேக்காதை, "எல்.டி.ஓ லெட்ஜரில இந்த லொட்டுக்குரிய பக்கம்" எண்டு கேள் எண்டார் (எல்.டி.ஓ எண்டா அந்தக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், லெட்ஜர் எண்டா அதின்ர பதிவேடு). வாயால கேக்காமல் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுத்தில குடுக்கச் சொன்னார், 14 வேலை நாளுக்குள்ள தருவம் எண்டோ இல்லை எண்டோ ஏதாவது ஒண்டு அவை சொல்லித்தான் ஆகவேணும். இல்லை எண்டு வந்தாலும் அதையும் எழுத்தில வாங்கி வச்சிரு, அப்பீல் போக உதவும். எனக்கு நேரம் எடுத்தது, ஆனா பக்கம் வந்தது.

அந்தப் பக்கத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லவேணும். இங்கிலிஸில, நீல மையில, சரிஞ்ச அழகான கையெழுத்து. மேல லொட் நம்பர், விஸ்தீரணம். பேர் எழுதுற கோட்டில முதல் ஒரு ஆளின்ர பேர், அதுக்கு மேல சிவப்பு மையில ஒரு கீறு, பக்கத்தில இரத்து எண்டு எழுதி ஒரு சின்னக் கையெழுத்து. அதுக்குக் கீழ இடம் காணாமல் நெருக்கி எங்கட அப்பப்பான்ர பேர், 1953. கீழ வருசாவருசம் கட்டின காசுக் கணக்கு, ரெண்டு இடத்தில வெறுமை. வெள்ளமோ வரட்சியோ, அந்த வருசங்களில கட்டேல்லைப் போல.

அப்ப அப்பப்பா முதல் ஆள் இல்லை! வட்ஸ்அப் குறூப்பில படத்தைப் போட்டதுதான் தாமதம், லண்டனில இருக்கிற சித்தப்பா வொய்ஸ் மெசேஜில ஏறி விழுந்தார், "உனக்கு வேற வேலை இல்லையோ, செத்த மனுசன்ர பேரை ஏன் இழுக்கிறாய்" எண்டு. கனடா மச்சாள் மட்டும் "அப்ப அந்த மற்ற ஆள் ஆர்?" எண்டு கேட்டா. அந்தக் கேள்வி எனக்கும் மண்டைக்குள்ள நிண்டுது. அதோடதான் காணி அலுவல் பரம்பரை அலுவலா மாறினது எண்டு நினைக்கிறன்.

வாய்க்காலுக்கு அங்கால ஒரு ஆச்சி இருக்கிறா, தொண்ணூறு தாண்டியிருக்கும், காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் பொன். போனைப் பக்கத்தில வச்சு றெக்கோட் போட்டிட்டு (கேட்டுட்டுத்தான்) கதைக்க விட்டன். "ஓம் மோனை, அந்தாள் உங்கட அப்பப்பாக்கு முதல் இருந்தவர். காய்ச்சல். பிள்ளை ஒண்டு செத்துப்போச்சு, மனுசி இனி இஞ்ச இருக்கமாட்டன் எண்டு நிண்டிட்டா, கொலனி வீட்டைப் பூட்டித் திறப்பை எங்கட ஐயாட்டக் குடுத்திட்டு றெயில் ஏறிட்டினம்." அவ்வளவுதான் சொன்னா, பிறகு தேத்தண்ணி குடி எண்டா. வன்னிக் காய்ச்சல் எண்டா மலேரியா. 1946இல டீ.டீ.ரீ நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கினாப் பிறகு நாடு முழுக்க மலேரியாச் சாவு நல்லாக் குறைஞ்சது எண்டு படிச்சிருப்பம், ஆனா குறைஞ்ச பிறகும் ஒரு வீட்டில ஒரு பிள்ளை போனா அந்த வீட்டுக்கு அது முழுசுதானே. இப்பிடித் திரும்பிப் போன ஆக்கள் எங்கட கொலனிக் கதைகளில ஒரு இடத்திலயும் வரமாட்டினம், வென்ற ஆக்கள்தான் கதை சொல்லுறது.

அப்பப்பா வந்த வருசத்தை ஆச்சியிட்டக் கேட்டா 1952 எண்டு சொல்லமாட்டா, "நந்தன வருசம் ஆவணி, அடுத்த விசய வருசம்தான் எனக்குக் கலியாணம்" எண்டுவா. இது பயப்பிடுற விசயம் இல்லை, பஞ்சாங்கத்தில 60 வருசப் பேரும் வரிசையா இருக்கு. 1952 நந்தன, 1953 விசய. லெட்ஜரில 1953 எண்டிருக்கு, ஆச்சி சொல்லுறது அதுக்கு முதல் ஆவணி. எனக்குத் தெரிய அந்த நேரம் கனபேர் காணிக் கச்சேரி (காணி குடுக்க ஆக்களைத் தெரிவு செய்யிற கூட்டம்) முடிஞ்சு பேர் எழுதுப்பட முதலே வந்து காலபோகத்துக்குக் காணி திருத்தத் தொடங்கியிருக்கினம், ஆவணியில வந்தாத்தானே மழைக்கு முதல் விதைக்கலாம். ரெண்டு கதையும் பொருந்துது. சிக்கல் எங்க எண்டா 60 வருசத்துக்கு ஒருக்கா அதே பேர் திரும்ப வாறது. பூட்டன்ர (அப்பப்பான்ர தகப்பன்) சாதகக் குறிப்பு ஒண்டு மாமி வீட்டுப் பெட்டியில கிடந்தது, தாது வருசம் எண்டிருந்தது. தாது 1936இலயும் வந்தது, 1876இலயும் வந்தது. மகனுக்கு 1953இல பெர்மிட் கிடைச்சிருக்கேக்க தகப்பன் 1936இல பிறக்கேலாது, அப்ப 1876.

இதை உறுதிப்படுத்தினது அப்பான்ர பிறப்புச் சான்றிதழ். எங்கட நாட்டுப் பிறப்புச் சான்றிதழில ஒரு கூடு இருக்கு, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர்ட பேர், பிறந்த வருசம், பிறந்த இடம் எண்டு. பிரதேச செயலகத்தில எடுக்கிற புதுக் கொப்பியை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை, பேரும் திகதியும் சரியோ எண்டு பாத்திட்டு மடிச்சு வச்சிடுவம். அந்தக் கூட்டில பூட்டன்ர பேர், 1876, பிறந்த இடம் வடமராட்சியில ஒரு ஊர். நாங்கள் இவ்வளவு காலமும் தென்மராட்சி ஆக்கள் எண்டெல்லோ சொல்லிக்கொண்டு திரிஞ்சம்!

அந்தக் கூடு எனக்கு உதவினது சந்தோசம்தான், ஆனா அதைப் பாக்கேக்க 1948 குடியுரிமைச் சட்டம் ஞாபகம் வராமல் விடாது. தகப்பன், இல்லாட்டிப் பாட்டனும் பூட்டனும் இஞ்ச பிறந்தவை எண்டு காட்டச் சொல்லித்தானே மலையகத் தேயிலைத் தோட்டச் சனத்தின்ர குடியுரிமையைப் பறிச்சவங்கள். எங்கட வயல் அருவி வெட்டு, களை பிடுங்கல், மிளகாய்த்தோட்டத்துக்குத் தண்ணி கட்டல் எல்லாம் 1977 தமிழருக்கெதிரான கலவரத்துக்குப் பிறகு வந்த மலையகக் குடும்பங்கள் செய்தது, எங்கட மேட்டுக்காணி ஓரத்தில கொட்டில் போட்டு இருந்த குடும்பமும் இருக்கு. அந்த வீட்டுப் பெடியன் என்னோட படிச்சவன், நான் இந்த லெட்ஜர் கதையைச் சொல்ல "எங்களுக்கு எந்த லெட்ஜரடா இருக்கு" எண்டு கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஒண்டும் இருக்கேல்லை. கொஞ்ச நாள் இதைத் தொடவே மனம் வரேல்லை.

பிறகு யாழ்ப்பாணப் பக்கம். இங்கதான் பொம்பிளையள் வருவினம். பெர்மிட்டில அநேகமா ஆம்பிளை பேர்தான், பின்னுரித்து எழுதாமல் செத்தா மனுசிக்குப் பிறகு சட்டத்தின்ர அட்டவணைப்படி மகன், அதிலயும் மூத்தவன், பிறகுதான் மகள் எண்டு இருந்தது, 2022இல திருத்தம் வந்துதான் ஆண் முந்தி எண்டது போனது. அதால லெட்ஜரை மட்டும் வச்சுக் குடும்ப மரம் கீறினா மாமிமார் ஒருத்தரும் பிறக்கவே இல்லை எண்டு வரும். ஆனா அப்பம்மான்ர சீதன உறுதி கிடைச்சுது, நொத்தாரிசு எழுதின பழைய தமிழ், மூச்சு விடாமல் ஒரே வசனம். இந்தக் காணி தனக்குத் தாய்வழி முதுசமாய் வந்தது, தாய்க்கு அவவின்ர தாய் சீதனமாய்க் குடுத்தது எண்டு மூண்டு தலைமுறைப் பொம்பிளையளின்ர பேர் ஒரு பந்தியில. எல்லைகளையும் விடாதேங்கோ. கிழக்கு இன்னார் காணி, வடக்கு இன்னார் காணி எண்டு இருக்கும், அந்த இன்னார் எல்லாம் அநேகமா ஒரே தாய் வயித்துப் பிள்ளையள்தான், காணியைப் பிரிச்சுக் குடுத்திருப்பினம். உறுதி இல்லாத ஆக்கள் காணிப் பதிவகத்தில தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி) எடுத்துப் பாக்கலாம், காணியின்ர பேராவது தெரிஞ்சிருக்கவேணும்.

பேர்தான் பெரிய தலையிடி. எங்களுக்குக் குடும்பப்பேர் எண்டு ஒண்டு இல்லையே, சின்னத்தம்பி மகன் கந்தையா, கந்தையான்ர மகனுக்குப் பாட்டன்ர பேர் வச்சுத் திரும்ப சின்னத்தம்பி, ஒரு ஊரில நாலு கந்தையா. இங்கிலிஸில எழுதேக்க ஒருத்தன் சி போடுவான், ஒருத்தன் கே போடுவான். அதுக்கு நான் கண்ட வழி மரண அறிவித்தலும் கல்வெட்டும் (செத்தவற்ற நினைவாக அடிக்கிற புத்தகம்). பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட, அன்னாரின் அன்பு மனைவியும், பாசமிகு சகோதரியும், மைத்துனியும் எண்டு எங்கட பேப்பர் அறிவித்தலில கிடக்கிற உறவுமுறை வேற எந்தச் சனத்திட்டயும் இருக்குமோ தெரியாது, 31ஆம் நாள் குடுக்கிற கல்வெட்டில வம்சாவளியே போட்டிருப்பினம். நூலகம் இணையத்தளத்தில இப்பிடி நினைவு மலர்கள் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், சும்மா இருக்கேக்க ஊர்ப்பேரைப் போட்டுத் தேடிப் பாருங்கோ. வீட்டில பழைய கல்வெட்டு இருந்தா தயவுசெய்து குப்பையில போடாதேங்கோ.

பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு கேட்டன், எங்கட பள்ளிக்கூடத்தில பழசு மிஞ்சேல்லை. கமநல சேவை நிலையத்துக் காணி இடாப்பில அப்பான்ர பேர் இருந்தது, பரம்பரைக்குப் பெரிசா ஒண்டும் இல்லை, காணி அலுவலுக்கு உதவிச்சு.

அந்த முதல் ஆளைக் கண்டுபிடிச்சதும் ஒரு மரண அறிவித்தலாலதான். லெட்ஜரில வெட்டின பேரை வச்சுத் தேடித் தேடி, அவர்ட மகள் ஒருவவின்ர அறிவித்தல், "கிளிநொச்சியைப் பிறப்பிடமாகவும்" எண்டு தொடங்கினது. அறிவித்தலில இருந்த மற்ற ஊர் ஆக்கள் அந்தக் காலத்தில கிளிநொச்சியில பிறக்கிறது குறைவு. அந்த ஊரில எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கிறார், அவர் மூலம் பேரப்பிள்ளை ஒருத்தரோட போனில கதைச்சன். முதல் கள்ளக் கோல் எண்டு நினைச்சு வெட்டிட்டார், ரெண்டாந்தரம் எடுத்து லொட் நம்பரைச் சொல்ல அமைதியாக் கேட்டார். அவையின்ர வீட்டில "அம்மம்மா வன்னியில பிறந்தவ" எண்டு மட்டும்தான் தெரியும், காணி இருந்ததோ, ஒரு பிள்ளை செத்ததோ ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த கேள்வி "காணிக்கு இப்ப ஏதும் உரிமை கோரலாமோ அண்ணை?" எண்டு கேட்டார். பகிடிக்கோ உண்மைக்கோ எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை, இரத்தான பெர்மிட் எண்டு விளங்கப்படுத்தி லெட்ஜர்ப் பக்கத்தின்ர படத்தை அனுப்பிவிட்டன். சித்தப்பாக்கு இந்தக் கோல் விசயம் சொல்லேல்லை, நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.

அந்தப் பிள்ளையை எங்க தாட்டவை எண்டு ஆச்சியிட்டக் கேட்டன். வாய்க்கால் முடியிற இடத்துப் பாலைக்குக் கிட்ட எண்டா, பாலை இப்ப இல்லை, அதில இப்ப வேற ஆளின்ர வயல். இறப்புப் பதிவு இருந்தா பிள்ளையின்ர பேராவது தெரியும், விண்ணப்பம் போட்டிருக்கிறன், அந்தக் காலத்துப் பதிவுப் பிரிவு எது எண்டு அவை தேடிக்கொண்டிருக்கினம். எங்கட பின்னுரித்து அலுவல் அதுக்கு முதல் முடிஞ்சிடும் போல, கனடா மச்சாளின்ர தாய் கையெழுத்து வச்ச சத்தியக் கடதாசி வந்தாச் சரி.