கான்ட்ராவும் நான்கு கீகளும்

ஒருவழியாக, பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் வெறும் கீபோர்டை வைத்தே, கான்ட்ரா என்ற பழைய சுடும் கேமின் முதல் கட்டத்தை ஓர் உயிர்கூடப் போகாமல் முடித்தாயிற்று. “ஒரு கேம்பேட் வாங்கித் தொலையேன்” என்பவர்களுக்கு: தெரியும், வாங்கத்தான் போகிறேன். ஆனால் வீட்டில் கிடக்கும் கீபோர்டில் முடியுமா முடியாதா என்பது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

கோர் (ரெட்ரோஆர்ச்சுக்குள் கேமை ஓட்டும் பகுதி) நெஸ்டோபியா, மடிக்கணினி விண்டோஸ், கீபோர்டு சாதாரண யூஎஸ்பி மெம்பிரேன். நிறுவுகிற கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

ரெட்ரோஆர்ச் கொடுத்து அனுப்பும் கீ அமைப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. திசைக்கு அம்புக்குறிகள், அதாவது வலது கை. சுடவும் தாவவும் இசட், எக்ஸ், அதாவது இடது கை. 1983இல் வந்த நின்டெண்டோவின் கேம் கருவியான ஃபேமிகாமிலிருந்தே திசை இடது கட்டைவிரலுக்கு, பட்டன்கள் வலது கட்டைவிரலுக்கு. டிவி கேமில் கேசட்டைச் செருகி ஆடி வளர்ந்த கை இதைத் தலைகீழாக ஏற்றுக்கொள்ளுமா? ஆகவே திசைக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி. சுட ஜே, தாவ கே என்று மாற்றினேன். வேடிக்கை அங்கேதான் ஆரம்பம்.

இடது பக்கம் நடந்தால் ஆள் தானாகவே படபடவென்று சுடுகிறான். படுக்கச் சொன்னால் மேடையிலிருந்து கீழே இறங்கிவிடுகிறான். காரணம் இதுதான்: ரெட்ரோபேடின் (ரெட்ரோஆர்ச் மனதில் வைத்திருக்கும் கற்பனை கேம்பேட்) ஒய் பட்டனுக்கு ஏற்கெனவே ஏ கீயும், எக்ஸ் பட்டனுக்கு எஸ் கீயும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நெஸ்டோபியாவில் ஒய் என்றால் டர்போ பி, எக்ஸ் என்றால் டர்போ ஏ; அதாவது சுடும் பி பட்டனையும் தாவும் ஏ பட்டனையும் தானாகவே படபடவென்று அழுத்துபவை. ஒரே கீயை இரண்டு வேலைக்குக் கொடுத்தால் ரெட்ரோஆர்ச் ஒரு வார்த்தை கேட்காது, இரண்டையும் செய்யும். கான்ட்ராவில் கீழ்த்திசையோடு தாவலை அழுத்தினால் கீழ் மேடைக்கு இறங்குவான் அல்லவா, அதுதான் நடந்தது. அந்த எக்ஸ், ஒய் இரண்டையும் வெறுமையாக்கியதும் அடங்கினான்.

அடுத்தது கே. அழுத்திய மாத்திரத்தில் ஆட்டம் உறைந்து நிற்கிறது. தாவுவதற்கென்று நான் வைத்த அதே கே, ரெட்ரோஆர்ச்சின் ஹாட்கீ (மெனுவுக்குப் போகாமலே ரெட்ரோஆர்ச்சை ஏவும் கீ) பட்டியலில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துவதற்கானது. பக்கத்திலேயே எல் வேகமாக ஓட்டும், எச் ஆட்டத்தையே ரீசெட் செய்யும், பி (P) நிறுத்திவைக்கும். கீபோர்டின் வலது பாதி முழுக்கக் கண்ணிவெடி. ஹாட்கீ எனேபிள் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு கீயைக் கொடுத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே மற்ற ஹாட்கீகள் வேலை செய்யும். எனக்கு அது தொல்லை. ஆபத்தானவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் காலி செய்தேன்.

இதில் ஒரு குறிப்பு. கீயை மாற்ற வேண்டிய இடம் செட்டிங்ஸில் இன்புட்டுக்குள் இருக்கும் போர்ட் 1 கன்ட்ரோல்ஸ். ஆட்டத்தின் நடுவே குவிக் மெனுவில் தெரியும் கன்ட்ரோல்ஸ் வேறு. அங்கே மாறுவது ரெட்ரோபேட் பட்டனுக்கும் கோருக்கும் உள்ள இணைப்பு, கீபோர்டு அல்ல. ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்த புண்ணியவான் யாரோ.

சரி, இப்போது உண்மையான எதிரி. வலது பக்கம் ஓடிக்கொண்டே, மேல்நோக்கிச் சாய்வாகக் குறிவைத்து, சுட்டுக்கொண்டே தாவ வேண்டும். டி, டபிள்யூ, ஜே, கே நான்கும் ஒரே நேரத்தில். என் கீபோர்டில் முதல் மூன்று போகும், நான்காவது போகாது. நல்ல வேளையில்தான் போகாது, குண்டு நெருங்கும்போது.

மலிவான கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசையும் நிரலுமாக ஒரு வலை; இரண்டும் சந்திக்கும் இடத்தில் கீ. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகளை அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகவே மின்சுற்றுக்குத் தெரியும். அந்தப் பொய்க் கீயைத் தவிர்க்க கீபோர்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் பேசாமல் இருந்துவிடுகிறது. எந்தக் கூட்டணி மாட்டும் என்பது கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும். மென்பொருளில் எதை மாற்றினாலும் இது தீராது.

ஆனால் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் போன்றவை மற்ற கீகளோடு சேர்த்து அழுத்தத்தானே இருக்கின்றன? அவற்றைப் பெரும்பாலும் இந்தச் சிக்கலில் மாட்டாதபடி தனியாக வயரிங் செய்திருப்பார்கள். அதனால் தாவலை வலது ஷிஃப்ட்டுக்குக் கொண்டுபோனேன். ரெட்ரோபேடின் செலெக்ட் முதலில் அங்கேதான் இருக்கும். அதை டேப் கீக்குத் தள்ளினேன். சுடுவதற்கு ஷிஃப்ட்டை ஒட்டி இடப்புறம் இருக்கும் சாய்கோட்டுக் கீ. பழைய பேடில் பி இடது, ஏ வலது. இங்கேயும் அதே வரிசை வந்துவிட்டது. இது எனக்கே கொஞ்சம் பெருமைதான். டி, டபிள்யூ, சாய்கோடு, ஷிஃப்ட் நான்கும் ஒன்றாகப் போகின்றன.

ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று விண்டோஸ் எட்டிப் பார்க்கும், எட்டு விநாடி வலது ஷிஃப்ட்டைப் பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ். இரண்டையும் முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

30 உயிர் தரும் ரகசியக் குறியீடு (மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ) புதிய அமைப்பில் தடையில்லாமல் ஏறுகிறது. ஆனால் அதை வைத்துக் கீபோர்டைச் சோதித்ததாக நினைக்காதீர்கள். அதில் ஒவ்வொரு கீயாகத்தானே அழுத்துகிறோம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் “ஆன்டி கோஸ்டிங்” (அந்தப் பொய்க் கீ சிக்கல் இல்லாதது) என்று அட்டையில் பெரிதாகப் போட்ட கீபோர்டு கேட்டுப் பார்த்தேன். எந்தக் கீகளுக்கு என்றால் பதில் இல்லை. பிரித்துச் சோதிக்கவும் விடவில்லை. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் டபிள்யூ, ஏ, எஸ், டி சுற்றியுள்ள சில கீகளுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு, மறுகோடிக்குப் போகாது. அந்தக் காசுக்கு இரண்டு யூஎஸ்பி பேடு வாங்கலாம்.

வாங்கவும் வேண்டியிருக்கும். தம்பியோடு இருவர் ஆட்டம் என்றால் எட்டு கீ, அதற்கு இந்த வலையில் இடமில்லை. அதற்குள் நின்டெண்டோ 64 வேறு ஆசை காட்டுகிறது: சூப்பர் மாரியோ 64இல் தூங்கும் பிரான்ஹா செடியை எழுப்பாமல் நுனிக்காலில் போக வேண்டும், கீபோர்டிலோ, சாய்க்கும் அளவுக்கேற்ப நடக்கவைக்கும் அனலாக் குச்சி முழுதாகச் சாயும், இல்லையென்றால் சாயவே சாயாது. அதற்குப் பாதிச் சாய்வு தரும் ஒரு கீ வேண்டும். முப்பென்64 பிளஸ் நெக்ஸ்ட் கோரை இறக்கி வைத்திருக்கிறேன். கான்ட்ராவின் நீர்வீழ்ச்சிக் கட்டம் முடிந்ததும் தொடுவேன்.