எச்.டி.எல். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆணுக்கு 40 மில்லிகிராம், பெண்ணுக்கு 50. அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. மருந்து ஆய்வுகளே அந்த நிம்மதியைக் கலைத்துவிட்டன. எச்.டி.எல்.லை 72 சதவீதம் ஏற்றிய டோர்செட்ராபிப் மாத்திரையின் ஆய்வு 2006 டிசம்பரில் பாதியிலேயே நின்றது, அதைச் சாப்பிட்டவர்களிடம் இறப்பு கூடியிருந்ததால். அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது உண்மைதான். ஆனால் பின்னால் வந்த டால்செட்ராபிப், நியாசின் ஆய்வுகளிலும் எண் ஏறியதே தவிர மாரடைப்பு குறையவில்லை.

ஏன்? ரத்தக்குழாய்ச் சுவருக்குள் கொலஸ்ட்ராலை விழுங்கி உப்பிப்போன வெள்ளணுக்கள் கிடக்கின்றன. அவற்றின் சவ்வில் ஏபிசிஏ1 என்ற புரதம் வாசல்போல் நிற்கிறது. ஏபோ ஏ-1 புரதத்தால் ஆன, கொழுப்பு அதிகம் ஏறாத எச்.டி.எல். துகள் காலி லாரிபோல் வந்து அங்கே ஒட்டி, சரக்கை ஏற்றிக்கொண்டு கல்லீரலுக்குப் போகிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் எண், லாரிகளில் அந்த நேரத்தில் ஏறியிருக்கும் சரக்கின் அளவு மட்டுமே. சுவரிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்று அது சொல்லாது. அந்த வெளியேற்றும் திறனைத் தனியாக அளந்து, டல்லாஸில் 2,924 பேரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு 2014-இல் வந்தது. திறன் அதிகமிருந்த கால்பங்கினருக்கு, குறைந்த கால்பங்கினரைவிட இதயநோய், பக்கவாத ஆபத்து 67 சதவீதம் குறைவு. இந்தப் பரிசோதனை சாதாரண லேபில் கிடைக்காது.

உடற்பயிற்சி எண்ணை அதிகம் ஏற்றாது, சராசரியாக 2.5 மில்லிகிராம்தான். அதற்கே வாரம் 120 நிமிடமாவது வேண்டும். வெளியேற்றும் திறன் கூடுவதற்கு அளவோ தீவிரமோ இன்னும் அதிகமாக வேண்டும் என்று அமெரிக்கப் பயிற்சி ஆய்வுகள் காட்டின. குறைந்த அளவில் செய்த குழுக்களிடம் மாற்றம் தெரியவில்லை. அதிக அளவு என்றால் உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 16 (அதுவும் கடும் வேகத்தில்) முதல் 20 கலோரி. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 1,100 முதல் 1,400 கலோரி. அதாவது, வேக நடையில் வாரம் நான்கைந்து மணி நேரம்.

இங்கேதான் நம் ஊர் சறுக்குகிறது. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்த ஐசிஎம்ஆர் ஆய்வில் 72 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. "நாள் பூரா வீட்டு வேலைதான், அது போதாதா?" என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்த வேலை விட்டு விட்டு நடக்கிறது; மூச்சு வாங்கும் நிலையில் அரை மணி நேரம் நீடிப்பதில்லை.

வேகத்தை இப்படிப் பாருங்கள்: 15 விநாடியில் 25 அடி வைத்தால் நிமிடத்துக்கு 100 அடி. அது தொடக்கம். அதே 15 விநாடியில் 30 அடி வந்து, பேச முடிந்தாலும் பாட முடியாமல் போனால் சரியான வேகம். ஒரே தடவையில் 40 நிமிடம் நடங்கள். தசையில் கொழுப்பை உடைக்கும் நொதி உடற்பயிற்சிக்குப் பிறகு ஓரிரு நாளே சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இதயநோய் உள்ளவர்களும் நடக்கும்போது நெஞ்சு இறுகுபவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டக் கூடாது.

மறுபரிசோதனைக்கு 12 வாரம் பொறுங்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் எடுத்தால் எச்.டி.எல். தற்காலிகமாக இறங்கியே காட்டும். 38 என்பது 40 ஆனதோடு நின்றாலும் மனம் தளராமல், ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு வரியைப் பாருங்கள். 210 இருந்தது 160-க்கு வந்திருந்தால் நடை வேலை செய்கிறது. டிரைகிளிசரைடு மிகுந்த ரத்தத்தில்தான் எச்.டி.எல். துகள்கள் சிறுத்துச் சீக்கிரம் அழிகின்றன.